மகளிர் நல மருத்துவரிடம் முதல் முறை எந்த வயதில் போக வேண்டும்?

வெண்பா:

வணக்கம் தோழிகளே. பெண் பிள்ளையை முதன்முதலாக எந்த வயதில் மகளிர் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வயதுக்கு வந்தவுடனே காட்டணும் என்கிறார் ஒருவர். 18 முடியட்டும் என்கிறார் இன்னொருவர். 21 என்று எழுதியிருந்ததையும் படித்தேன். ஏதாவது தொந்தரவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்பவர்கள்தான் அதிகம்.

மகளுக்கு 14 வயது. பன்னிரண்டரை வயதில் முதல் மாதவிடாய். இப்போது 38 நாளுக்கு ஒரு முறை வருகிறது, சில சமயம் 50 நாள்கூட ஆகிவிடுகிறது. 6 நாள் இருக்கும், நாளைக்கு 4 அல்லது 5 நாப்கின். முதல் நாள் வயிற்றுவலி. இது போக வேண்டிய நிலையா, பொறுத்துப் பார்க்கலாமா? போனால் அங்கே என்னென்ன செய்வார்கள்? உள்பரிசோதனை செய்வார்களோ என்று பிள்ளை பயப்படுகிறாள். உள்ளதை உள்ளபடி சொல்லி அவளை அழைத்துப்போக நினைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


இளவேனில்:

வெண்பா, தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் 13 வயதிலிருந்து 15 வயதுக்குள் ஒரு முறை போய் வர வேண்டும் என்பது அமெரிக்க மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் கல்லூரியின் பரிந்துரை. அந்த முதல் சந்திப்பு பெரும்பாலும் பேச்சுதான். உள்பரிசோதனைக்கும் இந்த வயதுக்கும் சம்பந்தமில்லை. 15 என்று மேல்வரம்பு வைத்ததற்குக் காரணம் உண்டு. 15 வயதுக்குள் ஏறக்குறைய 98 விழுக்காடு பெண்களுக்கு மாதவிடாய் தொடங்கிவிடும். தொடங்காதவர்களைக் கண்டுபிடித்துக் காரணம் பார்க்க இதுதான் வேளை. தொடங்கியவர்களுக்கோ எது இயல்பு, எது இல்லை என்று கேட்டுத் தெளிய வேண்டிய வயதும் இதுவே.

இனி உங்கள் மகளின் கணக்கு. முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: 38, 50 என்பதை எப்படி எண்ணினீர்கள்? ரத்தப்போக்கு தொடங்கிய முதல் நாளிலிருந்து அடுத்த முறை தொடங்கும் நாளுக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் அதுதான் சுழற்சி. நின்ற நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் நிறைய. 6 நாள் ரத்தப்போக்கு உள்ள பெண்ணுக்கு அப்படி எண்ணினால் உண்மையில் 50 நாளான சுழற்சி 44 என்று வந்துவிடும், வரம்புக்குள் இருப்பதுபோலத் தோன்றும்.

வரம்பு ஆண்டுக்கு ஆண்டு மாறும். முதல் மாதவிடாய்க்குப் பிறகு முதல் ஓராண்டு ஒழுங்கில்லாமல் வருவது இயல்பு. மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, சினைப்பை மூன்றும் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிப் பழகவே அவ்வளவு காலம் பிடிக்கும். அதுவரை பல மாதங்களில் கருமுட்டையே வெளியாகாது. முட்டை வெளியாகாவிட்டால் புரொஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் சுரக்காது. கருப்பையின் உட்சுவர் கேட்பாரில்லாமல் வளர்ந்து, ஒருநாள் ஒழுங்கற்றுச் சரியும். தாமதமாக வரும் மாதவிடாய் சில பிள்ளைகளுக்கு அதிகமாகவும் போவது இதனால்தான். ஓராண்டு முடிந்து மூன்றாண்டு வரை 21 நாளுக்குக் குறையாமலும் 45 நாளுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். மூன்றாண்டுக்குப் பிறகு 21 முதல் 35 நாள். முதல் ஆண்டு கடந்த பின் எந்த ஒரு சுழற்சியாவது 90 நாளைத் தாண்டினால், அது ஒரே ஒரு முறை நடந்திருந்தாலும் காட்ட வேண்டும்.

உங்கள் மகளுக்கு ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. 38 சரி. 50 வரம்புக்கு வெளியே. அவசரமில்லை, ஆனால் போக வேண்டிய நிலைதான். வயதும் சரியாக இருக்கிறது. 6 நாள், 4-5 நாப்கின் என்பது இயல்பான அளவு. 7 நாள் வரை, நாளைக்கு 3 முதல் 6 நாப்கின் வரை கவலையில்லை.

வயதைப் பார்க்காமல் போக வேண்டிய நிலைமைகளும் உண்டு. 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்குவது. 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே தொடங்காதது. மார்பு வளரத் தொடங்கி மூன்றாண்டு ஆகியும் மாதவிடாய் வராதது. இந்த மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. 10 வயதில் மார்பு வளரத் தொடங்கிய பிள்ளைக்கு 13 முடிந்தும் வரவில்லையென்றால் 15 வரை காத்திருக்கக் கூடாது.

இன்னொன்று, மாதவிடாய் வராமலேயே மாதாமாதம் அடிவயிறு வலிப்பது. கன்னிச்சவ்வில் திறப்பே இல்லாத பிள்ளைகளுக்கு ரத்தம் வெளியேற வழியில்லாமல் யோனிக்குள் தேங்கும். ஒவ்வொரு மாதமும் அதே சமயத்தில் சில நாள் வலி, பிறகு தணிவு. தேங்கியது பெருகப் பெருக மலச்சிக்கல், முதுகுவலி, கடைசியில் சிறுநீர் கழிக்க முடியாத நிலை. வயிற்றுவலி, சிறுநீர்த்தொற்று என்று வைத்தியம் பார்த்தே மாதங்கள் ஓடிவிடும். வெளிப்பகுதியைக் கண்ணால் பார்த்தாலே நீலம் பாய்ந்து புடைத்த சவ்வு தெரியும். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிறிய அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். ஆனால் ஊசி குத்தி ரத்தத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் துளை வழியே கிருமி மேலேறும்.

திடீரென்று ஒரு பக்கமாக அடிவயிற்றில் தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் அப்பாயின்ட்மென்ட் பார்க்க வேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். முறுக்கு சற்றுத் தளர்ந்தால் வலி குறையும், மறுபடி இறுகினால் திரும்பும். வலி விட்டுவிட்டது என்று வீட்டிலேயே இருந்தால் ரத்த ஓட்டம் நின்று சினைப்பையை இழக்க நேரிடும்.


முல்லைக்கொடி:

உள்பரிசோதனை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 14 வயதுப் பிள்ளைக்கு, தாம்பத்ய உறவு இல்லாத பெண்ணுக்கு, மாதவிடாய் தள்ளிப்போகிறது என்பதற்காகக் கருவி வைத்து உள்ளே பார்க்கும் பரிசோதனை தேவையில்லை. மகளிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

அங்கே நடப்பது இதுதான். செவிலியர் உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்ப்பார். மருத்துவர் கேள்வி கேட்பார்: கடைசி மாதவிடாய் தொடங்கிய தேதி, அதற்கு முந்தைய தேதிகள், எத்தனை நாள், எவ்வளவு, வலி எப்படி, வெள்ளைப்படுதல், முகப்பரு, தேவையற்ற இடத்தில் முடி, சமீபத்தில் எடை ஏறியதா குறைந்ததா, என்ன விளையாட்டு, எவ்வளவு நேரம், தூக்கம், மனநிலை, எடுத்துக்கொள்ளும் மருந்துகள், வீட்டில் யாருக்காவது தைராய்டு, ரத்தம் உறையாத நோய், கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி இருந்ததா என்பவை. எடையும் விளையாட்டும் எதற்கு என்று நினைக்க வேண்டாம். உடல் செலவழிக்கும் அளவுக்குச் சாப்பாடு போகாவிட்டால் மூளை மாதவிடாயை நிறுத்திவைக்கும். அப்படியே நீடித்தால் எலும்பு வலுவிழக்கும். எலும்பு பலமேறும் பருவமும் இதுவேதான்.

பிறகு கழுத்தில் தைராய்டைத் தொட்டுப் பார்ப்பார், வயிற்றை மேலாக அழுத்திப் பார்ப்பார். தேவையென்றால் மட்டும் வெளிப்பகுதியைக் கண்ணால் பார்ப்பார். அதற்கும் முன்கூட்டியே என்ன செய்யப்போகிறேன், எதற்கு என்று சொல்லி, பிள்ளையின் சம்மதம் கேட்ட பிறகே செய்ய வேண்டும். கூட ஒரு பெண் செவிலியரோ தாயோ இருக்கலாம். "வேண்டாம்", "நிறுத்துங்கள்" என்று எந்த நொடியிலும் சொல்லலாம் என்பதை மகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள். முழு உடையையும் கழற்ற வேண்டியிருக்காது. மேலாடை தனி, கீழாடை தனியாக இருக்கும் உடுப்பில் போனால் எளிது.

ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் வயிற்றின் மேல் ஜெல் தடவி எடுப்பதுதான் இந்த வயதுக்கு. அதற்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். நிறைந்த பை குடலை ஒதுக்கித் தள்ளி, ஒலி அலை கருப்பைக்குப் போக வழிவிடும். குடலிலுள்ள காற்று நடுவே நின்றால் படம் தெரியாது. ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பே 3, 4 டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, எடுத்து முடியும்வரை கழிக்காமல் இருக்கணும். பலருக்குத் தவறுவது வேறொரு இடத்தில். அதே நாளில் சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதியிருப்பார்கள். ஆய்வகத்தில் முதலில் சிறுநீரைக் கொடுத்துவிட்டு ஸ்கேன் அறைக்குப் போனால் பை காலி, இன்னும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முதலில் ஸ்கேன், பிறகு சிறுநீர் என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்காக அடக்க முடியாத அளவுக்கும் நிரப்ப வேண்டாம். மிதமிஞ்சி நிறைந்தாலும் கருப்பை நசுங்கித் தவறான தோற்றம் தரும்.

மாதவிடாய் சமயத்தில் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகப் போகலாம். அதிக ரத்தப்போக்கு என்று காட்டப் போகிறவர்கள் நிற்கும்வரை காத்திருப்பது தவறு.


தாமரைக்குளம்:

18 என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதற்கு முன்பு குழந்தைநல மருத்துவரோ குடும்ப மருத்துவரோ பார்த்துக்கொள்ள முடியாதா? சின்னப் பிள்ளையைப் பிரசவ வார்டு இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனால் மிரளாதா?


இளவேனில்:

பார்த்துக்கொள்ளலாம், தாமரைக்குளம். மாதவிடாயைப் பற்றி விவரமாகக் கேட்டு, தடுப்பூசி போட்டு, தேவைப்படும்போது அனுப்பிவைக்கும் குழந்தைநல மருத்துவர் இருந்தால் அந்த முதல் பேச்சு அங்கேயே நடக்கட்டும். வளரிளம் பருவத்தினருக்கென்று தனிப் பிரிவு இருந்தால் இன்னும் நல்லது. யார் பேசினாலும் அந்தப் பேச்சு 15 வயதுக்குள் நடக்க வேண்டும். 18 வரை தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. நான் மேலே சொன்ன அத்தனை சிக்கலும் 18 வயதுக்கு முன்பே வரக்கூடியவை.

18, 21 என்ற எண்கள் பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் பரிசோதனையோடு சேர்ந்து வந்து குழப்புகின்றன. அந்தப் பரிசோதனை வேறு, முதல் சந்திப்பு வேறு. பாப் சில நாடுகளில் 21இல் தொடங்குகிறது, சில நாடுகளில் 25இல். இந்தப் புற்றுநோய்க்கான பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் பொதுவாக 30 வயதிலிருந்து செய்யச் சொல்கிறது. 21க்கு முன்பு செய்வதில் பயனில்லை, தீங்கு உண்டு. இளம் வயதில் ஹெச்பிவி (இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ்) தொற்று வருவதும், உடலே அதை ஓரிரு ஆண்டில் விரட்டுவதும் சாதாரணம். அந்த நேரத்தில் பரிசோதித்தால் தானே சரியாகும் மாற்றத்துக்குத் தேவையில்லாத சிகிச்சை நடக்கும். கர்ப்பப்பை வாயில் அப்படித் திசு எடுத்தால் பிற்காலத்தில் குறைமாதப் பிரசவத்துக்கு வாய்ப்பு கூடும்.

இந்த வயதில் செய்ய வேண்டியது ஹெச்பிவி தடுப்பூசி. 9 முதல் 14 வயது இதற்கு முதன்மையான பருவம். தொற்று வருவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன், வந்த தொற்றை ஊசி குணப்படுத்தாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்குக் காரணம் 16, 18 என்ற இரண்டு வகை வைரஸ்கள். தடுப்பூசிகள் எல்லாமே இந்த இரண்டையும் தடுக்கின்றன. 9 முதல் 20 வயது வரை ஒரு டோஸ் அல்லது இரண்டு டோஸ், 21க்கு மேல் 6 மாத இடைவெளியில் இரண்டு டோஸ் என்று 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பல நாடுகளில் 15 வயதுக்குள் தொடங்கினால் 2, அதற்குப் பிறகென்றால் 3 என்ற பழைய முறையும் இருக்கிறது. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கூடுதல் டோஸ் வேண்டும். உங்கள் மகளுக்கு இன்னும் போடவில்லையென்றால் 15 ஆவதற்குள் கேளுங்கள். ஊசி மேற்கையில் போடுவார்கள். போட்டதும் 15 நிமிடம் உட்கார வைக்கணும். மருந்தின் குறையில்லை, இந்த வயதில் ஊசி என்றாலே மயங்கி விழும் பிள்ளைகள் உண்டு.


வெண்பா:

மிகவும் நன்றி. முதல் நாளிலிருந்து எண்ணித்தான் எழுதினேன், 50 சரியான கணக்கு. இன்னும் இரண்டு சந்தேகம். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றாலே ஸ்கேன் எடுத்து நீர்க்கட்டி, பிசிஓடி என்று சொல்லி மாத்திரை கொடுத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். அது எவ்வளவு உண்மை? முதல் நாள் வலிக்கு மாத்திரை கொடுக்கலாமா, பழகிப்போய்விடுமா?


நீலாம்பரி:

இந்த நீர்க்கட்டி விஷயத்தில் கொஞ்சம் உறுதியாக இருங்கள். வளரிளம் பெண்ணின் சினைப்பையில் சிறுசிறு நுண்பைகள் நிறைய இருப்பது அந்தப் பருவத்தின் இயல்பு. முட்டை வளரும் பைகள் அவை. அதனால்தான் முதல் மாதவிடாய் வந்து 8 ஆண்டு ஆகும்வரை ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் (நீங்கள் பிசிஓடி என்று கேள்விப்பட்டது) என்று முடிவு கட்டக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டுதல் 2018இலும் சொன்னது, 2023இல் திருத்தியபோதும் சொன்னது. ஏஎம்ஹெச் என்ற ரத்தப் பரிசோதனையும் இந்த வயதில் இதற்கு உதவாது.

இந்த வயதில் அந்த நோய் என்று சொல்ல இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, இளவேனில் கொடுத்த ஆண்டுக் கணக்குப்படி ஒழுங்கற்ற சுழற்சி. இரண்டு, ஆண் ஹார்மோன் மிகுதி. அதாவது மேலுதடு, தாடை, மார்பு, அடிவயிறு ஆகிய இடங்களில் தடித்த முடி, சிகிச்சைக்கு அடங்காத கடுமையான பரு, அல்லது ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரான் கூடியிருப்பது. தைராய்டு, புரோலாக்டின், அட்ரினல் சுரப்பிக் கோளாறு இவை இல்லை என்றும் பார்த்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் வாய்ப்புள்ளவர் என்று குறித்துவைத்து, கண்காணித்து, பிறகு மறுபடி பார்ப்பதே முறை. அதற்காக அந்தக் காலம் முழுக்கச் சும்மா விடுவார்கள் என்றில்லை. மாதவிடாய் வராமல் நீள்வதற்கோ பருவுக்கோ உரிய சிகிச்சை கொடுக்கலாம். பெயர் சூட்ட மட்டும் அவசரப்படக் கூடாது. 14 வயதில் "உனக்குக் குழந்தை பிறப்பது கஷ்டம்" என்று கேட்ட பிள்ளை அதை மனதில் சுமந்துகொண்டே வளர்வாள். ஆகவே மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: எதை வைத்துச் சொல்கிறீர்கள், ஸ்கேனை மட்டும் வைத்தா?

ரத்தப் பரிசோதனையில் இரண்டு சங்கதி. முடி, நகத்துக்கு என்று பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் தைராய்டு முடிவு தப்பாக வரும். இரண்டு நாள் முன்பே நிறுத்தணும், சாப்பிடுவதை மருத்துவரிடமும் சொல்லணும். ஹார்மோன் மாத்திரை தொடங்கிவிட்டால் டெஸ்டோஸ்டிரான் அளவு நம்பத் தகுந்ததாக இருக்காது. மறுபடி பார்க்கக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்த வேண்டியிருக்கும். பரிசோதனை முதலில், மாத்திரை பிறகு.

வலி மாத்திரை பழகிப்போகாது. வலி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். உட்சுவர் உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. கருப்பைத் தசையைப் பிழிவது அதுதான். இபுபுரொஃபென், மெஃபெனமிக் அமிலம் போன்றவை அது உருவாவதைத் தடுக்கும், உருவாகிவிட்டதை நீக்காது. வலி உச்சத்துக்குப் போன பிறகு ஒரு மாத்திரை போட்டு "கேட்கவில்லை" என்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். ரத்தம் தெரிந்தவுடனே, அல்லது வலி வரப்போகிறது என்று தெரியும் முந்தின நாளே தொடங்க வேண்டும். இபுபுரொஃபென் என்றால் சாப்பிட்ட பின் 200 முதல் 400 மில்லிகிராம், 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. மருத்துவர் சொல்லாமல் நாளைக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் இரண்டு மூன்று நாள் விடாமல் கொடுத்துவிட்டு நிறுத்துங்கள். மெஃபெனமிக் அமிலத்தை மருத்துவர் சீட்டோடு வாங்குங்கள். வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இந்த வகை மாத்திரையால் இளைப்பு வந்த ஆஸ்துமா இருந்தால் இரண்டுமே ஆகாது. பாராசிட்டமால் இந்த வலிக்குச் சற்று மட்டுதான், ஆனால் மற்றது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே வழி. அடிவயிற்றில் சூட்டு ஒத்தடம் இவற்றோடு சேர்ந்து நன்றாகவே வேலை செய்யும்.

சரியான அளவில், சரியான நேரத்தில் மூன்று மாதம் கொடுத்தும் பள்ளிக்குப் போக முடியாத வலி என்றால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) உண்டா என்று பார்க்க வேண்டும். பதின்ம வயதிலும் அது வரும். ஸ்கேன் சுத்தமாக இருப்பதாலேயே அது இல்லை என்று ஆகிவிடாது. வலி தொடங்கியதிலிருந்து நோய் கண்டறியப்படும் வரை பல ஆண்டு வீணாகிறது என்பதுதான் இந்த நோயின் பெரிய துயரம். பெண்ணுக்கு வலி சகஜம் என்று சொல்லிச் சொல்லியே அந்த ஆண்டுகள் போகின்றன.


முல்லைக்கொடி:

நீலாம்பரி சொன்ன மாத்திரைக்கு ஒரு எச்சரிக்கை. ரத்தப்போக்கு மிக அதிகமாக உள்ள பிள்ளைக்கு, காரணம் தெரியாமல் இபுபுரொஃபென், ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். ரத்தம் உறையாத நோய் இருந்தால் இவை இன்னும் கூட்டிவிடும். வெண்பா மகளின் அளவு இயல்புதான், ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

அதிகம் என்பதை எப்படி அறிவது? ஒன்று இரண்டு மணி நேரத்தில் நாப்கின் முழுக்க நனைந்து, அதுவே பல மணி நேரம் தொடர்வது. 7 நாளைத் தாண்டுவது. இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் கட்டிகட்டியாகப் போவது. இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருப்பது. எண்ணிக்கையைச் சொல்லும்போது எவ்வளவு நனைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். லேசாக நனைந்ததை வகுப்பு இடைவேளைதோறும் மாற்றும் பிள்ளை 7 என்பாள், கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டு ஒன்றையே ஊறவிடும் பிள்ளை 3 என்பாள். இரண்டாமவளுக்குத்தான் ரத்தம் அதிகம் போகிறது.

முதல் மாதவிடாயிலிருந்தே அதிகம், அதோடு 10 நிமிடத்துக்கு மேல் நிற்காத மூக்கு ரத்தம், பல் பிடுங்கியபோது நிற்காத ரத்தம், லேசாக இடித்தாலே கன்றிப்போவது என்றால் வான் வில்லிபிராண்ட் நோய்க்கு (ரத்தம் உறைய உதவும் ஒரு காரணி குறையும் நோய்) பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ள மாத்திரை தொடங்குவதற்கு முன்பே செய்வது நல்லது. ஈஸ்ட்ரோஜன் அந்தக் காரணியை ரத்தத்தில் கூட்டி நோயை மறைத்துவிடும்.

ரத்தசோகைக்கு ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து 12க்கு மேல் இருக்கிறது, சரி என்று விட்டுவிடுகிறார்கள். இரும்புச் சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின். சேமிப்பு முதலில் தீரும், ஹீமோகுளோபின் கடைசியில்தான் இறங்கும். சோர்வு, முடி உதிர்தல், படிப்பில் கவனமின்மை எல்லாம் அதற்கு முன்பே வந்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் பெரிட்டின் 15க்குக் கீழ் போனால் இரும்புக் குறைவு. காய்ச்சல், தொற்று இருக்கும்போது பெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும், அப்போது எடுக்க வேண்டாம். இரும்பு மாத்திரையை ஹீமோகுளோபின் ஏறியதும் நிறுத்திவிடாதீர்கள், சேமிப்பு நிறைய இன்னும் மூன்று மாதமாவது தொடரணும். பாலோடும் தேநீரோடும் கொடுத்தால் உடலில் ஏறாது.

நின்றால் தலைசுற்றல், படபடப்பு, முகம் வெளுப்பு, கூடவே நிற்காத ரத்தப்போக்கு என்றால் அன்றைக்கே மருத்துவமனை.


தாமரைக்குளம்:

விளக்கத்துக்கு நன்றி, இளவேனில். வெள்ளைப்படுதலுக்குக் காட்ட வேண்டுமா? தாயையும் வெளியே இருக்கச் சொல்வார்கள் என்கிறார்களே, அது ஏன்?


இளவேனில்:

முதல் மாதவிடாய்க்கு 6 மாதம், ஓராண்டு முன்பிருந்தே நிறமற்றோ வெள்ளையாகவோ கசிவது ஈஸ்ட்ரோஜன் வேலை செய்வதன் அடையாளம். உள்ளாடையில் காய்ந்தால் இளமஞ்சளாகத் தெரியும், அதுவும் இயல்பே. அரிப்போடு தயிர்த்திப்பி போல, மீன் வாடையோடு சாம்பல் நிறமாக, பச்சை மஞ்சளாக நுரைத்து, அல்லது ரத்தம் கலந்து என்றால் காட்ட வேண்டும். உள்ளே சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் எதுவும் வேண்டாம். அங்கே இயல்பான அமிலத்தன்மை 3.8 முதல் 4.5 பிஹெச். அதைக் காக்கும் நல்ல நுண்ணுயிர்களைக் கழுவிவிட்டால் தொற்று வர வழியாகும். வெளியே வெறும் தண்ணீர் போதும்.

தாயை வெளியே இருக்கச் சொல்வது தாய் மேல் உள்ள சந்தேகத்தால் இல்லை. முதலில் இருவரையும் சேர்த்துப் பேசி, பிறகு பிள்ளையிடம் தனியாகச் சில நிமிடம், கடைசியில் மறுபடி சேர்த்து என்பது வளரிளம் பருவத்தினரைப் பார்க்கும் எல்லா மருத்துவர்களும் கடைப்பிடிக்க வேண்டிய முறை. புகை, மது, மனச்சோர்வு, யாராவது தொந்தரவு செய்வது, காதல், உடலுறவு இவற்றைப் பெற்றோர் எதிரே எந்தப் பிள்ளையும் சொல்லாது. சொன்னதில் எதை ரகசியமாக வைக்க முடியும், எதைச் சட்டப்படி தெரிவித்தாக வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதை மருத்துவர் பேச்சைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும்.

உறவு தொடங்கிய பெண்ணுக்கு வயது எதுவானாலும் காலதாமதம் கூடாது. 25 வயதுக்குள் ஆண்டுதோறும் கிளமிடியா, கொனோரியா என்ற பாலுறவால் பரவும் தொற்றுகளுக்குப் பரிசோதனை உண்டு, சிறுநீரிலேயே பார்க்கலாம். கருத்தடை மாத்திரைக்கும் உள்பரிசோதனை தேவையில்லை. ரத்த அழுத்தம் பார்த்து, கண்முன் மின்னல் போலத் தெரிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, ரத்தக்கட்டி வந்ததுண்டா என்று கேட்டாக வேண்டும். அந்தத் தலைவலி இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும்.

பலாத்காரம் நடந்திருந்தால் மணிக்கணக்குதான். ஹெச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும். அவசரக் கருத்தடையில் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம் 72 மணிக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். யுலிபிரிஸ்டல் 120 மணி வரை. குளிக்காமல், உடை மாற்றாமல் வந்தால் தடயம் கிடைக்கும். மாற்றியிருந்தாலும் வர வேண்டும், சிகிச்சை அதற்காக நிற்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பரிசோதித்துக் கன்னித்தன்மையைச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. சவ்வின் வடிவம் பெண்ணுக்குப் பெண் வேறு. அந்தப் பரிசோதனைக்கு மருத்துவ அடிப்படை இல்லை, ஒழிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் ஐநா அமைப்புகளும் 2018இல் கூட்டாகவே சொல்லிவிட்டன. டாம்பானால், சைக்கிளால், ஸ்கேனால் கன்னித்தன்மை போய்விடும் என்று சொல்லிப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாமல் இருப்பது வீண்.


முல்லைக்கொடி:

வெண்பா, அப்பாயின்ட்மென்டுக்கு ஒரு தாள் தயார் செய்து மகள் கையிலேயே கொடுங்கள், அவளே எழுதட்டும். கடந்த 6 மாதவிடாயின் தொடக்கத் தேதி, முடிந்த தேதி. அதிகம் போன நாளில் எத்தனை நாப்கின், எவ்வளவு நனைந்தது. வலிக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரத்தில் குறைந்தது. பள்ளிக்குப் போகாத நாட்கள். போட்ட தடுப்பூசிகளின் அட்டை, பழைய ரத்தப் பரிசோதனை இருந்தால் அதுவும். தாளின் கீழே அவளுக்குக் கேட்கத் தோன்றும் கேள்விகளுக்கு இடம் விடுங்கள். வாயால் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் தாளை நீட்டிவிடுவார்கள்.

எல்லாம் சரி என்று வந்தால் அடுத்தது ஓராண்டு கழித்து. அதற்குள் 90 நாளைத் தாண்டினால் அந்த ஓராண்டைப் பார்க்காமல் உடனே போங்கள். மாதவிடாயை வரவழைக்கும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். ரத்தம் வந்துவிட்டதால் சரியாகிவிட்டது என்று தோன்றும், தள்ளிப்போனதற்கான காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.